நான் எழுதிய பிரஷர்

நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். ஆயுதம், ஒரு பால்பாயிண்ட் பேனா. மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் செய்த காரியம் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மனைவி சரோஜாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. மகன் வாங்கி அனுப்பிய பட்டன் மெஷின் அமுக்குகிற போதெல்லாம் வேறு வேறு எண்ணைக் காட்டியது. நானே கையால் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று, செஞ்சியில் நடந்த மூன்று மாத வீட்டு நர்சிங் பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பில் பிளஸ் டூ முடித்த பதினெட்டுப் பெண்களும் நானும். பாடம் நடத்திய நர்ஸ் ஸ்டெல்லா, வல்லம் பக்கத்துப் பெண். என் பழைய மாணவி.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இயற்பியல் செய்முறையில் ஊசல் சோதனைக்கு என்ன விடை வரவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் ஊசலை ஆட்டாமலேயே, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதிவிடுவார்கள். ஸ்டெல்லா ஒருமுறை அப்படி எழுதி மாட்டிக்கொண்டாள். அவளுடைய ரெகார்டு நோட்டை எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்தேன். பார்க்காததை எழுதுகிறவள் நாளைக்கு எந்த வேலைக்கும் ஆகமாட்டாள் என்றேன். (வசனம் எனக்கே பிடித்துப்போய், பக்கத்து வகுப்பிலும் போய்ச் சொன்னேன்.)

பிரஷர் பார்ப்பது கேட்பதற்கு எளிது. கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிப் பாதரசத்தை ஏற்ற வேண்டும். பிறகு மெல்ல இறக்கிக்கொண்டே, முழங்கை மடிப்பில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பில் காது கொடுக்க வேண்டும். 'டொக் டொக்' என்று சத்தம் தொடங்கும் இடம் மேல் எண். அடங்கும் இடம் கீழ் எண். பதினெட்டுப் பெண்களுக்கும் முதல் நாளே கேட்டுவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதா சார்?" என்றாள் ஸ்டெல்லா.

கேட்கிறது என்று தலையை ஆட்டினேன். செவிடாகிவிட்டோமோ என்று ஒரு பயம். அதைப் பழைய மாணவியிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். அன்றிலிருந்து ஆளைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். சின்னப் பெண் என்றால் 108/70. கொஞ்சம் பருமன் என்றால் 126/82. எல்லோருக்கும் 120/80 போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற அளவுக்கு மூளை வேலை செய்தது. என் ரீடிங் எல்லாம் அழகாக இருக்கிறது என்று ஸ்டெல்லா வகுப்பிலேயே பாராட்டினாள். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ டிரைவர்களுக்கு முகாம். மார்கழி மாதக் காலை. பனி இறங்கி, கோட்டை மலை பாதிதான் தெரிந்தது. பதினோரு பேருக்குக் கையெழுத்து சிதையாமல் பிரஷர் எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாவது ஆள் கரீம் பாய். அவலூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு நாளாகத் தலைவலி என்றார். பாதரசம் ஏறியது, இறங்கியது. வழக்கம்போல நிசப்தம். 128/84 என்று எழுதினேன்.

"இன்னா சார், வண்டி எடுக்கலாமா?"

"தாராளமா எடுங்க பாய்."

அவர் ஆட்டோவில் ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர் எழுந்த விதம் ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்துத் தானே பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். அவள் சொன்ன எண் 210/120.

அவள் என் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் ஸ்டெதாஸ்கோப்பையே கழற்றி என் கையில் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். மஃப்ளருக்குள் நுழைத்து மாட்டிக்கொண்டேன். ஒன்றுமில்லை.

"கேக்குதா சார்?"

"கேக்கல."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கிட்டே வந்து என் மஃப்ளரை விலக்கினாள். வலது காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தாள். பிறகு இடது காதிலிருந்து ஒன்று. மார்கழிப் பனி ஆகாது என்று தினமும் காலையில் சரோஜா திணித்து அனுப்புகிற பஞ்சு. மூக்குக்கண்ணாடி போல உடம்போடு ஒட்டிப்போய், அது இருப்பதே எனக்கு மறந்திருந்தது. (முப்பது ஆண்டுகள் ஒலியியல் நடத்தியிருக்கிறேன். எந்தப் பொருள் ஒலியை உறிஞ்சும் என்று பரீட்சையில் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.)

"இப்பக் கேளுங்க சார்."

கேட்டது. கதவை உதைப்பது போல, டொக், டொக், டொக். வண்டி எடுக்கலாம் என்று நான் அனுப்பி வைத்த மனிதரின் ரத்தம்.

கரீம் பாயை வேறொரு ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வழியிலேயே சாய்ந்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அவரோடு ஏழு பேர்.

ஸ்டெல்லா என் சீட்டைக் கிழிக்கவில்லை. மீதிப் பதினோரு பேரையும் நானே கூட்டிவர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஸ்டாண்டு முழுக்க ஆட்டோ ஆட்டோவாகக் குனிந்து, நான் எழுதியது பொய், தயவுசெய்து திரும்ப வாருங்கள் என்று கெஞ்சினேன். ஒருவர், "வாத்தியாரே பிட் அடிச்சா நாங்க இன்னா செய்றது?" என்றார். எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் கேட்டு எழுதினேன். கடைசி ஆள் போன பிறகு, ரெகார்டு நோட்டைக் கிழித்ததற்கு ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த நோட்ட நான் திருப்பி எழுதிட்டேன் சார்," என்றாள். "ஊசல ஆட்டிப் பாத்து."

கரீம் பாய் மாத்திரை போட்டுக்கொண்டு இன்றும் வண்டி ஓட்டுகிறார். என்னைக் கண்டால் பிரேக் போட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மழை வரும், பால் பொங்கவில்லை, மகன் போன் பண்ணினான் என்று நான் எதைச் சொன்னாலும் சரோஜா ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "கேட்டதா, எழுதினதா?"

தினமும் காலையில் அவளுக்கு நான்தான் பிரஷர் பார்க்கிறேன். கையை நீட்டுவதற்கு முன்னால் என் தலையை இரண்டு பக்கமும் திருப்பி, காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறாள்.