பலகாரத் தட்டில் ஒரு பித்தளைக் குழாய்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு பலகாரம் சாப்பிட வேண்டும். இதை எந்த ஆய்வுகூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

தட்டினாலும் நெருப்பில் போட்டாலும் சட்டென்று வெடிக்காத, சொரணை கெட்ட வெடிமருந்துகள் இருக்கின்றன. அவற்றை வெடிக்கத் தூண்டும் கருவியை மிகச் சிறிதாக்குவதுதான் வெளிநாட்டில் என் ஆராய்ச்சி. (கேட்கப் பெருமையாக இல்லையா? எனக்கு இருந்தது.)

விடுமுறையில் வந்த என்னை அம்மா வன்னியில் உள்ள முரசுமோட்டைக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண் சுகந்திக்குக் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஏறக்குறைய ஒரே துறை, பொருத்தம் பிரமாதம் என்று நினைத்தேன்.

"தம்பி என்ன ஆராய்ச்சி செய்யிறியள்?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

சட்டைப்பையிலிருந்து அந்தக் கருவியின் மாதிரியான சின்னப் பித்தளைக் குழாயை எடுத்துப் பயித்தம் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வெடிக்க வைக்கிற சாமான், மாமா."

யாரும் அலறவில்லை. அதுதான் பயங்கரம். என் அம்மா உட்பட எல்லோரும் எதையும் தொடாமல், ஒருவர் பின் ஒருவராக, வந்த வழியே வெளியேறினார்கள். போர் நடந்து கண்ணிவெடி புதைந்த வன்னியில் அதற்கு ஒத்திகை தேவையில்லை. வேட்டி விலகியபோதுதான் மாமாவின் ஒரு கால் செயற்கை என்று கண்டேன். என் கை இன்னும் குழாயின் மேலேயே இருந்தது.

தேநீரோடு வந்த சுகந்தி மட்டும் நின்று, அதைக் கீழே வைத்தாள்.

"கையை எடுங்கோ. அப்பிடியே பின்னால வாங்கோ."

"இது வெறுங் கோது. உள்ளுக்க ஒண்டுமில்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. வாங்கோ!"

அவளுடைய குழு வந்து, பார்த்து, சிரித்துவிட்டுப் போகும்வரை பட்டு வேட்டியோடு வயல் சேற்றில் நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவே மறுத்தார். கல்யாணம் அத்தோடு சரி என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது சுகந்தி கிட்ட வந்தாள்.

"ஏன் இவ்வளவு சின்னனாச் செய்யிறியள்?"

"இன்னும் சின்னனாக்கலாம்" என்றேன், அந்த நிலையிலும் பெருமையாக.

"ஆக்குங்கோ. பிறகு மண்ணுக்குள்ள கிடந்தால் தேடுறது ஆர்?"

எந்தக் கருத்தரங்கிலும் ஒருவரும் கேட்காத கேள்வி. வெடித்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். சாக்குச் சொல்லாமல் நான் வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு ஓம் சொன்னதாக அவள் இன்றும் சொல்கிறாள்.

அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு, இப்போது வவுனியாவில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரித்தான்:

"மருமோன் சின்னனாக்கிறவர். மகள் அதைத் தேடுறவா."

வீடே சிரிக்கும். நான் பணியாரத்தை வாயில் போட்டுக்கொள்வேன்.