கம்பளி அண்ணையின் கோட்டு

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும் குளிருக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் கம்பளி அண்ணைதான். 1985இல், குருநகர்க் கரையோர ஐஸ் தொழிற்சாலையொன்றில் அவர் ஐஸ் அறைக்குப் பொறுப்பு, நான் கணக்கு எழுதும் எழுதுவினைஞர். வருடத்தை நாட்குறிப்பில் சரிபார்த்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை அவருடைய உடுப்புகளை எண்ணி எழுதியிருக்கிறேன்: சாரம் இரண்டு, காற்சட்டை ஒன்று, பெனியன் மூன்று, கம்பளிச் சட்டை, கழுத்தில் துவாய், காதை மூடிய தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே, தமையன் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய முழங்கால்வரைக் கோட்டு. வெளியே வந்தாலும் ஒன்றையும் கழற்ற மாட்டார்.

"லண்டனுக்கு எப்ப அண்ணை பயணம்?" என்பார்கள் மீன் விற்கும் பெண்கள்.

"பின்னேர பஸ்ஸுக்குப் பிள்ளை" என்று நடப்பார்.

ஐஸ் கட்டிகளை இழுத்தபடியே செபமாலை சொல்வார். மெதுவாகச் சொன்னால் குளிருமாம். ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியேயும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"உந்த வேகத்திலை மாதாவுக்கு விளங்குமோ?" என்று கேட்டேன்.

"அவவுக்கு விளங்கும். நீ ஏன் ஒட்டுக்கேக்கிறாய்?"

மணித்தியாலத்துக்கு ஒருதரம், "தம்பி, சுடச்சுட ஒரு மல்லித்தண்ணி" என்று என்னைக் கூப்பிடுவார். எழுதுவினைஞர் மல்லித்தண்ணி ஊற்றுவதில்லை என்பது என் கொள்கை. அவரும் விடவில்லை, நானும் அசையவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம். தாயில்லாப் பிள்ளை. வந்தவர்கள் எல்லாருக்கும் ஐஸ்கிறீம் கொடுக்கவேண்டும் என்று ஏழு வயதிலேயே தகப்பனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். முதல்நாளே நாலு வாளி செய்து ஐஸ் அறையில் வைத்தார். சனி காலை கறண்ட் நின்றுவிட்டது. கட்டிகளெல்லாம் விடியவே படகுகளுக்குப் போய்விட்டன, மிஞ்சியது உடைசல்தான். மாதா கோவிலில் கலியாணம் பின்னேரம் மூன்று மணிக்கு.

கம்பளி அண்ணை வாளிகளைச் சுற்றி உடைசலைக் குவித்தார். பிறகு கழற்றத் தொடங்கினார். கோட்டு முதலாவது வாளிக்கு. கம்பளிச் சட்டை அடுத்ததுக்கு.

"அண்ணை, கம்பளி சுத்தினால் சூடேறி உருகிப்போமெல்லோ?"

"கம்பளிக்கு என்ன தெரியும், உள்ளுக்கை இருக்கிறது நானோ ஐஸ்கிறீமோ எண்டு? வெளியிலை உள்ளதை உள்ளுக்கை விடாது. அவ்வளவுதான் அதின்ரை வேலை."

துவாய், பெனியன், தொப்பி எல்லாம் போய், கடைசியில் ஒற்றைச் சாரத்தோடு நின்றார். அவர் இவ்வளவு மெலிந்தவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பின்னேரம் கலியாண வீட்டில் வாளியைத் திறந்தபோது உள்ளே கரண்டி நிமிர்ந்து நின்றது. மணப்பெண் முதல் கோப்பையைத் தகப்பனுக்கு நீட்டினாள். இரவல் வாங்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"குளிருதோ அப்பா?"

"சீச்சீ" என்றார், பல் கிடுகிடுக்க.

அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே குசினிக்குள் போய் ஒரு பேணி மல்லித்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அதையும் ஊற்றினேன். நாட்குறிப்பில் இருக்கிறது.