இருபத்தெட்டு பெல்ட்டும் திருப்திகரம்

ஆகாய விமானத்தைப் பறக்க வைப்பது எஞ்சின் என்று விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் பம்பாய் 'மேகமாலா விமான சர்வீஸ்' தலைமை அலுவலகத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். விமானத்தைப் பறக்க வைப்பது ரப்பர் முத்திரை. எஞ்சின் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது, அவ்வளவுதான்.

அந்த முத்திரை மாட்டுங்கா சுந்தரராமனின் மேஜை டிராயரில் பத்தொன்பது வருஷமாகப் பத்திரமாக இருந்தது. 'உபகரணப் பாதுகாப்புச் சோதனைப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்கு அவர்தான் தலைவர். கம்பெனியின் ஏழு டகோட்டா விமானங்களையும் ஃபைல் நம்பரோடு மனப்பாடமாகச் சொல்வார். ஒன்றிலாவது ஏறிப் பார்த்திருக்கிறாரா என்று கேட்காதீர்கள். ஏறியவனுக்கு ஏறின விமானம் மட்டும்தான் தெரியும். ஏறாமல் இருந்தால்தான் ஏழையும் பாரபட்சமில்லாமல் பார்க்க முடியும்.

அவர் பதவிக்கு வந்த வருஷமே தில்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. பிரயாணிகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒவ்வொன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாரம் கொடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கிள் வழுக்கினால் அந்த பெல்ட்டை மாற்றாமல் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இப்படிக் கண்டிப்பான உத்தரவு வந்தால் மற்ற கம்பெனிகளில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சுந்தரராமன் உட்காரவில்லை. 'மாதிரி பெல்ட்' முறையைக் கண்டுபிடித்தார்.

விக்ரோலியில் செய்த இரும்பு அலமாரியில், மேல் தட்டில், மெழுகுத் துணியில் சுற்றி ஒரு புத்தம் புது பெல்ட் இருந்தது. அது எந்த விமானத்திலும் போனதில்லை. அதன் மேல் யாரும் காபி கொட்டியதில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பியூன் அதை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பான். சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "பேஷ்!" என்பார். உடனே படிவத்தில் முதல் வரியில் 'பாரம் கொடுத்துச் சோதிக்கப்பட்டது, திருப்திகரம்' என்று எழுதுவார். ஏழு விமானத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு பெல்ட். மீதி நூற்றுத் தொண்ணூற்றைந்து வரியிலும் 'மேற்படி'.

விமானத்தில் இருக்கிற பெல்ட்டையே இழுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கும் விதண்டாவாதிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவற்றைக் கண்டவர்களும் கட்டி, இழுத்து, அழுக்காக்கி வைத்திருக்கிறார்கள். இழுத்தால் ஒன்று ஒரு மாதிரி வரும், இன்னொன்று இன்னொரு மாதிரி வரும். தில்லி விரும்புவதோ ஒரே மாதிரியான முடிவு. அதைச் சுந்தரராமன் ஒரு தடவைகூடத் தவறாமல் கொடுத்துவந்தார்.

இப்பேர்ப்பட்ட சேவையை மெச்சி அந்த ஆவணி மாதம் கம்பெனி அவர் குடும்பத்துக்கு இலவச பாஸ் கொடுத்தது. மனைவி நாகலக்ஷ்மியும் பத்து வயது மகள் சுப்புலக்ஷ்மியும் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு விமானத்தில் போய்விட்டு, விமானத்திலேயே திரும்பலாம். அவர்கள் கட்டிடத்தில் அதுவரை ஆகாயத்தில் போனது காக்காய் மட்டும்தான். மூன்று மாடியிலும் நாகலக்ஷ்மி இந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏன்னா, கீழ கீழ விழாதோல்லியோ?" என்று கேட்டாள் புருஷனிடம்.

"அசடு! நான் கையெழுத்துப் போட்ட ப்ளேனாக்கும் அது. உன் அடுக்களையைவிடப் பத்திரம்."

ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம். புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு, சுந்தரராமன் இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, தாராவியிலிருந்து பூதத்தான் வந்து சேர்ந்தான். தோல் பட்டறைக்காரன். விமானத்து இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுப்பது அவன் காண்டிராக்ட். மூன்றாம் நம்பர் விமானத்தின் இருக்கைகள் அப்போது அவன் பட்டறையில்தான் இருந்தன.

"சார், உறை எல்லாம் தச்சாச்சு. ஆனா அந்த பெல்ட்டு இருக்கு பாத்தீயளா, அதுல ஒரே கட்பட்டா, கோளாறா இருக்கு."

"பெல்ட்டை யாரப்பா உன்னைப் பாக்கச் சொன்னா? உறை தைக்கன்னா அனுப்பிச்சோம்?"

"உத்தரத்துல மாட்டித் தொங்கிப் பாத்தேன் சார்."

சுந்தரராமன் டம்ளரைக் கீழே வைத்தார். "தொங்கினியா?"

"ஆமா. பெல்ட்டுன்னா இழுத்துப் பாக்கணும்லா? இருபத்தெட்டுலயும் தொங்கினேன். இருபத்தெட்டுலயும் விழுந்தேன். பக்கிளுக்குள்ள இருக்கிற பல்லு தேஞ்சு போச்சு, பட்டை வழுக்கிட்டு வந்திருது. என் பொஞ்சாதி ஆறுமுகத்தாய் கேக்கா, 'ஏங்க, பத்து தடவை விழுந்ததுமே தெரியலயா'ன்னு. 'ஏட்டி, சோதனைன்னா முழுசா செய்யாண்டாமா'ன்னேன்." சட்டையை லேசாகத் தூக்கி இடுப்பைக் காட்டினான். கன்றிப் போயிருந்தது.

படிக்காதவன் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா? சோதனை என்றால் சோதித்துப் பார்ப்பது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டுவிட்டான். நாலு எழுத்துப் படித்திருந்தால் 'மேற்படி' போட்டுவிட்டு இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருப்பான்.

"கவலைப்படாண்டாம் சார்," என்றான் பூதத்தான். "விக்டோரியா வண்டிக் குதிரைக்குச் சேணம் கட்டுதாவள்லா, அந்தப் பித்தளை பக்கிள் எங்க சந்துல கலீலுல்லா பாய் கடையில கிடக்கு. மூணே நாளு. இருபத்தெட்டையும் மாத்திருதேன். ஏக்தம் பக்கா. குதிரை இழுத்தே கழலாது, மனுசன் எம்மாத்திரம்?"

சுந்தரராமன் காபியை மறந்துவிட்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போவது மூன்றாம் நம்பர்தான். நேராக மேலதிகாரி ஜகந்நாதனின் அறைக்குப் போனார்.

ஜகந்நாதன் நிதானமான மனிதர். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"மிஸ்டர் சுந்தரராமன், நம்ம சோதனை அறிக்கை தில்லிக்கு எப்போ போச்சு?"

"முந்தாநாள் சார்."

"அப்போ முந்தாநாள் பெல்ட் எல்லாம் நல்லா இருந்தது."

"இருந்தது சார்."

"ரெண்டே நாள்ல இருபத்தெட்டு பெல்ட் எப்படிக் கெடும்? நடுவுல என்ன நடந்தது? ஒரு ஆள் தொங்கியிருக்கான். தொங்கினதுலதான் கெட்டிருக்கு."

"அவன் மாத்தித் தரேங்கறான் சார்."

"மாத்தினா ஏன் மாத்தினோம்னு எழுதணும். எழுதினா தில்லிக்காரன் மத்த ஆறு விமானத்தையும் இறக்கச் சொல்வான். அறிக்கை போனப்புறம் கெட்டுப்போறதுக்கு அந்த பெல்ட்டுக்கு என்ன அதிகாரம் இருக்கு?" ஜகந்நாதன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "ஞாயித்துக்கிழமை உங்க ஃபேமிலி போறாங்களாமே? ரொம்ப சந்தோஷம். ஸ்டாஃபுக்கு நம்பிக்கை இருந்தாத்தான் பப்ளிக்குக்கு நம்பிக்கை வரும்."

வராந்தாவில் நின்று சுந்தரராமன் யோசித்தார். பிரயாணத்தை ரத்து செய்தால் ஏன் என்று ஜகந்நாதன் கேட்பார். கேட்டால் பத்தொன்பது வருஷ 'மேற்படி'யும் வெளியே வரும். அலமாரியைத் திறந்து மாதிரி பெல்ட்டை எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அது ஒன்றுதான் இருக்கிறது, போகிறவர்கள் இரண்டு பேர். தவிர அதை விமானத்தில் அனுப்பிவிட்டால் அடுத்த காலாண்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு பெல்ட்டையும் எதை வைத்துச் சோதிப்பது? பொதுமக்களின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே! அவர் மாடிப்படி இறங்கி, வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த பூதத்தானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் குதிரை பக்கிள் போட்டு ரெண்டு பெல்ட் பண்ணு. ஏழாம் நம்பர் சீட், எட்டாம் நம்பர் சீட். சனிக்கிழமை சீட்டெல்லாம் கொண்டுவந்து மாட்டறச்சே நீயே பாத்து மாட்டிடு."

"ரெண்டு என்னத்துக்கு சார்? இருபத்தெட்டையும் செஞ்சிருதேன். எனக்குக் காசுகூட வேண்டாம்."

"ரெண்டு போறும்."

"மத்த இருபத்தாறு பேரு?"

"அதெல்லாம் ஆபீஸ் பாத்துக்கும்."

"பாத்துத்தான சார் இப்படி இருக்கு?" என்றான் பூதத்தான். சுந்தரராமனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுபடியும் 'ரெண்டு போறும்' என்றுதான் அவர் வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விமானம் குறித்த நேரத்தில் கிளம்பியது. மலைத் தொடரின் மேல் மழை மேகத்துக்குள் புகுந்ததும் தொபுக்கென்று நூறு அடி கீழே இறங்கியது. விமானம் இறங்கியது, பிரயாணிகள் இறங்கவில்லை. இருபத்தாறு பக்கிள்களும் ஒருமனதாக வழுக்கிவிட, இருபத்தாறு பேரும் கூரையில் முட்டித் திரும்ப வந்தார்கள். நாலாம் நம்பர் இருக்கையில் இருந்த ஷரீஃபுன்னிசா என்ற அம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஒன்பது பேருக்கு மண்டையில் தையல். ஏழிலும் எட்டிலும் இருந்த தாய்க்கும் மகளுக்கும் தலையில் வைத்த பூகூடக் கசங்கவில்லை. விமானி கெட்டிக்காரர், சென்னையில் பத்திரமாக இறக்கிவிட்டார்.

கம்பெனி சும்மா இருக்குமா? வியாழக்கிழமையே விசாரணைக் கமிட்டி கூடியது. ஜகந்நாதன்தான் தலைவர். முதலில் ஃபைலைப் பரிசோதித்தார்கள். இருபத்தெட்டு பெல்ட்டும் திருப்திகரம் என்று முத்திரையோடு இருந்தது. ஆகவே பெல்ட்டில் குறை இல்லை என்று முதல் பதினைந்து நிமிஷத்திலேயே முடிவாயிற்று. பிரயாணிகளுக்கு ஏற்பட்டது 'எதிர்பாராத மேல்நோக்கு நகர்வு' என்று குறிப்பு எழுதினார்கள். பிறகுதான் ஒரு பயங்கர உண்மை வெளிவந்தது. ஏழாம், எட்டாம் இருக்கைகளில் அங்கீகாரம் பெறாத உபகரணம் இருந்திருக்கிறது!

பூதத்தானைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"இது என்ன பக்கிள்?"

"குதிரைச் சேணத்து பக்கிள் சார்."

"மேகமாலாவில் பயணம் செய்கிறவர்கள் குதிரைகளா?"

"அந்த ரெண்டு பேருக்குத்தான சார் ஒண்ணும் ஆவலை?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல். யார் அனுமதி கொடுத்தது?"

பூதத்தான் கையை நீட்டினான். "இந்தா, சுந்தரராமன் சார்தான் கேட்டாவ. ரெண்டே ரெண்டு போதும்னாவ."

அறையில் எல்லாரும் சுந்தரராமனைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே ஏழு விமானமும் தரையில் நின்றிருக்கும். சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ரிடையராக இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார் ஜகந்நாதன்.

"வாயாலதான் சார் சொன்னாவ."

"அப்படியானால் சொல்லவில்லை." பிரயாணிகள் பட்டியலைப் புரட்டிய ஜகந்நாதன் முகம் மலர்ந்தார். "தவிர, அந்த இரண்டு இருக்கைகளிலும் பயணம் செய்தது யார் தெரியுமா? சுந்தரராமனுடைய மனைவியும் மகளும்! சொந்தக் குடும்பத்தையே துணிந்து அனுப்பியிருக்கிறார். கம்பெனி மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!"

பூதத்தான் ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கத்துவான் என்று சுந்தரராமன் பயந்தார். அவன் கத்தவில்லை.

"உங்க வீட்டு ஆளுகன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீயன்னா," என்றான், "அந்த இருபத்தாறு பேரும் யாரு வீட்டு ஆளுகன்னு நானும் கேட்டிருப்பேன்லா சார்."

இது கமிட்டியின் விசாரணை வரம்புக்குள் வராததால் குறிப்பில் ஏறவில்லை. பூதத்தானின் காண்டிராக்ட் ரத்தாயிற்று. சுந்தரராமனுக்குப் பாராட்டுக் கடிதம் சிபாரிசு செய்யப்பட்டது. மூன்றாம் நம்பர் விமானத்திலிருந்து குதிரை பக்கிள் பெல்ட் இரண்டையும் உடனே கழற்றிவிட்டு, பழைய பெல்ட்டுகளையே மாட்டிப் பிரயாணிகளின் பாதுகாப்பை மீண்டும் நிலைநாட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவை எழுதும் பொறுப்பு யாருடையது? உபகரணப் பாதுகாப்புச் சோதனைப் பிரிவினுடையதுதான். சுந்தரராமன் தன் கையாலேயே எழுதினார். கீழே 'ஏழு, எட்டு: சோதிக்கப்பட்டது, திருப்திகரம்' என்று சேர்த்து முத்திரையும் போட்டார். சாயங்காலமே ஆட்கள் போய் மாட்டிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பாராட்டுக் கடிதம் கைக்கு வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், நாகலக்ஷ்மியும் சுப்புலக்ஷ்மியும் சனிக்கிழமை அதே மூன்றாம் நம்பரில், அதே ஏழிலும் எட்டிலும் திரும்பி வர வேண்டும் என்பது சுந்தரராமனுக்கு உறைத்தது. கடிதத்தைப் பாதியில் மடித்தார். குடையை மறந்துவிட்டுக் கொட்டுகிற மழையில் தந்தி ஆபீசுக்கு ஓடினார்.

'விமானத்தில் ஏறாதே. ரயிலில் வா.'

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் தந்தி குமாஸ்தா.

"அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ்ஸா அனுப்பும். தயவுபண்ணி இப்பவே அனுப்பும்!" என்றார் சுந்தரராமன். கண்ணில் தண்ணீர் நின்றது.

பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில், பெல்ட்டின் உண்மையான நிலைமையை அனுசரித்து அவர் எழுதிய முதல் பாதுகாப்பு அறிக்கை அதுதான். மனிதருக்கு எவ்வளவு கடமை உணர்ச்சி பாருங்கள்! சனிக்கிழமை ஏழாம், எட்டாம் இருக்கைகளும் வீணாகவில்லை. இடம் கிடைக்காமல் சென்னை விமான நிலையத்தில் காத்திருந்த ஓர் அம்மாளும் அவள் பெண்ணும், கடைசி நிமிஷத்தில் அதிர்ஷ்டம் அடித்தது என்று ஓடிப்போய் ஏறி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தந்தி கொடுக்கத்தான் மேகமாலாவில் ஆள் இல்லை.