அம்மை இல்லை, கருவாடு

நமுனுகுல,
12.01.2004

கோத்தகிரியில் இருக்கும் பாசமுள்ள அக்கா அவர்களுக்கு, தம்பி மாடசாமி கும்பிட்டு எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் தோல் மட்டும் நடுவில் கொஞ்சம் படுத்திவிட்டது. மச்சானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

வருகிற மாதம் நீங்கள் வருவதாக எழுதியதைக் கேட்டு இந்த வரிசை வீட்டு லயமே ஆடிப்போனது. அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் இந்த லயத்திலிருந்து கோச்சி ரயில் ஏறி இந்தியாவுக்குப் போனவர்களில் திரும்பிப் பார்க்க வருகிற முதல் ஆள் நீங்கள்தான். ஆனால், "நல்ல கருவாடா வாங்கி வை தம்பி, என் கையால கொழம்பு வச்சுத் தாரேன்" என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து அந்தக் குழம்பு மட்டும் வேண்டாம். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

தீபாவளி கழிந்த கையோடு என் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரித்து, முகம் பணியாரம் மாதிரி ஊதிவிட்டது. பூசாரி வாசலில் நின்றே பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா, யாரும் தொடாதீங்க" என்றார். அவ்வளவுதான், என் சம்சாரம் பாக்கியலெட்சுமி வாசலில் வேப்பிலையைச் செருகி, தாளிப்பை நிறுத்தி, என்னை ஒரு மூலையில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டாள். சூடு தணிய வேண்டுமாம், காலையில் பழைய சோறு, மத்தியானம் புளித்த கூழ், சாயங்காலம் அதைவிடப் புளித்த கூழ். குடிக்கக் குடிக்கத் தடிப்பு கூடியது. தடிப்பு கூடக் கூட, "ஆத்தாவுக்கு இன்னும் கோவம் அடங்கல" என்று லயத்துச் சனம் முழுக்கக் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தது. கூழை வேண்டாமென்றால் ஆத்தாவையே வேண்டாமென்றது போலாகும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். கடைசியில் பூசாரி அசந்த நேரம் பார்த்து மகன் ஜெயகுமார் என்னைப் பதுளைக்குக் கூட்டிப்போனான். என் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் பஸ்ஸில் ஒரு சீட்டையே காலி பண்ணிக் கொடுத்தார்கள்.

அங்கே டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்து மனிதர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "வருத்தம் துவங்க முதல் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றார்.

"மொத நாள் வச்ச கருவாட்டுக் கொழம்பச் சுண்ட வச்சுச் சாப்பிட்டேங்க."

"பிறகு?"

"கூழுங்க."

"அதுக்குப் பிறகு?"

"அப்பவும் கூழுதாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "உது அம்மை இல்லை ஐயா. கருவாட்டிலையும் புளிச்சதிலையும் ஹிஸ்டமின் எண்டு ஒண்டு இருக்கு. உங்கட உடம்பு அதைத் தாங்குதில்லை. பழையது, புளிச்சது, காய வைச்சது ஒண்டும் வேண்டாம். சமைச்ச சூட்டோடை சாப்பிடுங்கோ."

மாசிக் கருவாட்டுச் சம்பல் போச்சு, ஊறுகாய் போச்சு, தக்காளி போச்சு. பால் போடாத சாயத்தண்ணியைக் கூடக் குறைக்கச் சொல்லிவிட்டார். தேயிலை மலையில் பிறந்தவனிடம் சொல்கிற பேச்சா அக்கா இது? இத்தனை வருஷம் கங்காணியாக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவன் நான். இப்போது பாக்கியலெட்சுமி என் தட்டில் பெரட்டு எடுக்கிறாள். பொய் சொல்லக் கூடாது, உடம்பு தேறிவிட்டது. நாக்குத்தான் தேறவில்லை.

அம்மா கொழுந்து பறிக்கப் போன பிறகு, மழை கொட்டுகிற காலையில் நீங்கள் முந்திய நாள் குழம்பைச் சுண்ட வைப்பீர்கள். சட்டியைத் துடைத்துத் தின்னும் ரொட்டி எனக்குத்தான். நீங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று பதுளை ஸ்டேஷனில் ஊரே கட்டிப்பிடித்து அழுதபோது, நீங்கள் மட்டும் அழாமல் ஒரு சாப்பாட்டுப் பொதியை என் கையில் திணித்து, "சுட வச்சுச் சாப்பிடு" என்றீர்கள். நான் சுட வைக்கவில்லை. மீசை வைத்த ஆம்பிளை என்றும் பாராமல் வழியெல்லாம் அழுதுகொண்டே தின்றேன். அந்த ருசி இன்னும் என்னை விடவில்லை.

நீங்கள் வைத்தால் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் வைக்கவே வேண்டாம் என்கிறேன். அன்றைக்கே அடித்த கோழி, அன்றைக்கே பறித்த கீரை, இவை போதும்.

வானத்திலும் வளைவு ரோட்டிலும் ஆத்தா உங்களுக்குத் துணை வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
மாடசாமி

பி.கு.: கருவாடு வாங்கிட்டேன். பாக்கியலெட்சுமிக்குத் தெரியாது. அரிக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு. அரிப்பு நாலு நாளுல போயிரும். நீ போனா இனி எப்ப வருவியோ. கொழம்பு வை அக்கா, நான் சொறிஞ்சுக்கிறேன்.