ஒருவழிக் கண்ணாடிப் பரணி

பொறுமையை அளக்கப் பிறந்தவளே, வாழ்க. உளவியல் துறை இரண்டாம் மாடியின் மூலையறைக்கு உரியவளே, வினாத்தாள் கொடுத்துச் சலியாத கையினளே, பதில் எழுதாமல் பேனாவை மட்டும் எடுத்துப்போன மாணவரையும் மன்னித்த மனத்தினளே, நின் போரை யாம் பாடத் துணிந்தோம். நினைவை ஆராய்வோர் உளர். அச்சத்தை ஆராய்வோர் உளர். எலிகளைச் சந்துபொந்துகளில் ஓடவிட்டு அவற்றிடமே தோற்போரும் உளர். அவரெல்லாம் சிற்றரசர். மனிதன் ஒருவனைக் காரணம் சொல்லாமல் நாற்காலியில் அமர்த்தி, அவன் பொறுமை முறிந்து எழும் கணத்தை மறைந்து நின்று குறிக்கும் மாண்பு நினக்கே வாய்த்தது.

களத்தைக் கூறுவோம். ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரே தாளில் அச்சிட்ட போன வருடக் காலண்டர். சுவரில் பதித்த ஒருவழிக் கண்ணாடி. அங்கிருந்து பார்ப்பவனுக்கு அவன் முகம், இங்கிருந்து பார்ப்பவளுக்கு அவன் விதி. கண்ணாடிக்கு இப்புறம், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய இருட்டறையில், நிறுத்துக் கடிகாரம் ஏந்திய நெடுங்கையளாய் நின்றாள் நம் தலைவி. உள்ளே அமர்ந்திருப்பவனே கடைசிப் பங்கேற்பாளன். அவன் எழுந்த நேரம் கிடைத்தால் ஆய்வேடு நிறையும், நாளை நீண்ட விடுப்பில் போகும் நெறியாளர் இன்றே கையெழுத்திடுவார். கிடையாவிட்டால் இன்னும் ஒரு வருடம் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அந்தப் போனுக்கு அஞ்சியவள் வேறெதற்கும் அஞ்சாள்.

அவளே இயற்றிய சட்டங்கள் அவளைச் சூழ்ந்து நின்றன. பங்கேற்பவர் முகத்தை அவள் முன்னரே அறிந்திருக்கலாகாது. அவர் தாமாக எழும்வரை அவள் கண்ணாடியை விட்டு அகலலாகாது. உச்ச நேரம் என்று ஒன்றும் இல்லை. "ரொம்ப நேரம் எழுந்திருக்கலைன்னா என்னம்மா பண்ணுவே?" என்று ஆய்வுக் குழுவின் மூத்தவர் அன்றே கேட்டார். "அப்படியெல்லாம் யாரும் உக்கார மாட்டாங்க சார்" என்று முழங்கினாள்.

உட்கார்ந்தான் ஒருவன். மடியில் பை, பையின் மேல் கை, கையின் மேல் கை. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் இடம்பெயராத குன்றமென உட்கார்ந்தான். முன்பு வந்தோரெல்லாம் காலாட்டினர், நகம் கடித்தனர், வெளியே எட்டிப் பார்த்தனர், எழுந்தனர். இவனோ காலண்டரில் எல்லா மாதங்களையும் படித்துவிட்டு மீண்டும் ஜனவரிக்கு வந்தான்.

அந்தோ, இரண்டு டம்ளர் டீயும் ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்துவிட்டுக் களம் புகுந்திருந்தாள் தலைவி. முன்னே அசையாப் பகைவன், உள்ளே கரைமோதும் வெள்ளம். இரு படைக்கும் நடுவே சிக்கிய கோட்டையென நின்றாள். வலக்கால் இடக்காலைத் தழுவ, பின் இடக்கால் வலக்காலைத் தழுவ, பல்லோடு பல் பொருத, குழாயையும் மழையையும் ஆற்றையும் நினையாதிருக்க நெஞ்சை அதட்டி, ஆடாத மேடையில் ஆடும் கூத்தாடியென அவள் ஆடிய ஆட்டத்தை இருட்டு மட்டுமே கண்டது.

புள்ளியியல் படிக்கும் தோழன் மெல்ல உள்ளே நுழைந்தான். துறையில் அவனுக்குச் சராசரி என்று பெயர்.

"இன்னுமா உக்காந்திருக்கான்?"

"மெதுவாப் பேசுடா. கேட்டுடும்."

"இவனைச் சேத்தா உன் கணக்கே குடை சாஞ்சிடும். தூக்கிக் கடாசு."

"கடாசினா ஒரு ஆள் குறையும். ஒரு வருஷம் போயிடும்."

"சரி, நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"என் கண்ணாலதான் பாக்கணும்னு எழுதியிருக்கேன்."

"யாரு உன்னை அப்படி எழுதச் சொன்னா?"

அக்கணம் பகைவன் அசைந்தான். இடப்புறம் சாய்ந்தான், வலப்புறம் உயர்ந்தது, தலைவியின் கட்டைவிரல் பொத்தான்மேல் துடித்தது. பேன்ட்டின் பின்பையிலிருந்து கைக்குட்டையை உருவிக்கொண்டு மறுபடி அமர்ந்தான். பிட்டம் முழுவதும் நாற்காலியை விட்டு நீங்கினாலன்றி எழுதல் ஆகாது என்பதும் அவளது சட்டமே.

"பாதி எழுந்தான்ல, பாதி நேரம் போட்டுக்கோ" என்றான் சராசரி. அவள் பார்த்த பார்வையில் அவன் கதவு வழியே மறைந்தான்.

ஒளி சாய்ந்தது. பக்கத்து அறைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டன. வெள்ளம் இறுதிக் கரையைத் தொட்ட வேளையில், குடையும் கைப்பையுமாக அலுவலகக் கிளார்க் அம்மாள் அவன் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ரொம்ப நேரமாச்சா?"

"இல்லம்மா. இப்பத்தான் வந்தேன்."

எழுந்தான். குன்றம் எழுந்தது, முழுதும் எழுந்தது, மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியது. பழகிய விரல் பொத்தானை அழுத்திவிட்டது. எவராலும் எட்டப்படாத ஓர் எண் கடிகாரத்தில் நின்று ஒளிர்ந்தது. சத்தம் அடக்கி வைத்திருந்த போனை அவள் எடுத்துப் பார்த்தாள். மதியமே ஒரு மாணவன் அனுப்பியிருந்தான்: மேடம், வந்தேன், சேர்ல யாரோ இருந்தாங்க, கிளம்பிட்டேன்.

ஆய்வு மாணவி பாத்ரூமுக்குப் போனாள், உள்ளே ஆள் இருந்ததால் வெளியே நின்றாள்.