வெள்ளிக்கிழமை ஒன்றேகால் மணி சூஃபி

சூஃபி ரசிகர் என்றொரு இனம் உண்டு. அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள், அலுவலகத்துக்கு ஒருவராவது தேறுவார். அவருடைய கைப்பேசி முகப்பில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் சுழன்றாடிக்கொண்டிருப்பார். பேச்சுக்கு நடுவே நம்மவர் திடீரென்று கண்களை மூடுவார், மூடியதை நாம் கவனித்தோமா என்று ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்ப்பார், பிறகு திருப்தியோடு அதையும் மூடிக்கொள்வார். "சூஃபிங்கிறது மதமே இல்ல, அது ஒரு மணம்" என்பார். அப்படியானால் பூ எது என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கும்.

இஸ்லாம் அவருக்கு வேண்டாம். அதன் வேதத்தை ஓதி, அதன் தொழுகையில் நெற்றி தேய்த்து வளர்ந்த ஞானிகள் மட்டும் வேண்டும். அவர்களும் எப்படி? தொழுகையைக் கழித்து, நோன்பைக் கழித்து, நபியின் பெயரையும் கழித்து, மிச்சம் நிற்கும் நாலு காதல் வரிகளாக.

எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர் இந்த இனத்தில் முதல் தரம். நான் அவருடைய எழுத்தர். அவருக்குக் கீழே பதினொரு வருடமாகச் சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். தலைவர் அவரை பாய் என்பார், நாங்களும் அப்படியே. பாய்க்கு மூத்த ஆய்வர் பதவி வர வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பரிந்துரை எழுத வேண்டும். இந்த வருடம் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அப்போதுதான் தலைவர் ஊழியர்களுக்கு 'சூஃபியும் தன்னை இழத்தலும்' என்று உரையாற்றத் தீர்மானித்தார். வாசலில் பதாகை. தலைப்பு ஒரு சாண், தன்னை இழக்கப்போகிறவரின் முகம் நாலு முழம். நாள் வெள்ளி, நேரம் மதியம் ஒன்றேகால்.

பாய் தயங்கித் தயங்கி அவர் அறைக்குள் போனார். நான் கோப்போடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், அது ஜும்ஆ தொழுகை நேரம். வாரத்துல ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து தொழறது. ரெண்டு மணிக்கு வச்சா நானும் வந்துடுவேன்."

"இதுதான் பாய் உங்ககிட்ட பிரச்சினை. சடங்கையே பிடிச்சுத் தொங்குறீங்க. சூஃபிங்க இதையெல்லாம் தாண்டினவங்க."

"எங்க ஷைகு தாண்டச் சொல்லலையே சார்."

"ஷைகா? அது யாரு?"

"எனக்கு வழிகாட்டுற பெரியவர். அவர் கையைப் பிடிச்சு உறுதி கொடுத்து இருபது வருஷமாச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் உக்காந்து திக்ரு செய்வோம், இறைவன் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கிறது. போனதும் அவர் கேக்குற முதல் கேள்வி, அஞ்சு வேளையும் தொழுதியான்னுதான். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

ஆக, தலைவர் இத்தனை வருடம் புத்தகத்தில் தேடிய ஆள் மேஜைக்கு எதிரே, கையில் ரப்பர் உறையோடு நின்றுகொண்டிருந்தார். வேறொருவராக இருந்தால் எழுந்து நாற்காலி போட்டிருப்பார். தலைவர் கண்களை மூடினார். யோசித்தார். தீர்ப்புச் சொன்னார்.

"அது உண்மையான சூஃபி இல்ல பாய். நீங்க இன்னும் நிறைய படிக்கணும்."

பாய் "சரிங்க சார்" என்று வெளியே வந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோப்பை நீட்டித் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பாய் தொழப் போனார். நாங்கள் நாற்பது பேர் ஒன்றரை மணி நேரம் அன்பைப் பற்றிக் கேட்டோம். நடுவில் தலைவர் காலி நாற்காலியைக் காட்டி, பிறரை ஏற்கும் மனசு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று தழுதழுத்தார். கைதட்டினோம். நானும்தான்.

திங்களன்று பாயைப் பற்றித் தலைவர் எழுதிய குறிப்பு தட்டச்சுக்காக என் மேஜைக்கு வந்தது. 'வேலையில் குறை இல்லை. பரந்த மனப்பான்மை போதாது. பரிந்துரைக்க இயலவில்லை.' ஒற்றுப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

தலைவரைத் திட்டத் தோன்றுகிறதா? தாராளமாகத் திட்டுங்கள். அப்படியே ஒரு நிமிடம் உங்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சூஃபி என்றால் உருகுகிற நீங்கள், இஸ்லாம் என்றதும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வதில்லையே? இல்லவே இல்லை என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பாய் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று கணக்கு வைக்க, என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று.