தொட்டாலே திறக்கும் கதவு

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கதவைத் திறக்கணும்.

காக்ஸ் டவுன்ல வாடகைக்குப் பிடிச்ச ஃப்ளாட். கல்யாணத்துக்கு அப்புறம் நானும் ஷீலாவும் குடியிருக்கப் போற வீடு. ஆனா கல்யாணத் தேதிதான் இன்னும் முடிவாகல. "வீட்டைப் பார்த்துட்டுதான் தேதி சொல்வேன்"னு ஷீலாவோட அப்பா கறாரா சொல்லிட்டார். அதுக்காகவே கே.ஜி.எஃப்.ல இருந்து காலையில ட்ரெயின் பிடிச்சு வந்திருந்தார். அதே நாள்ல சர்ச்சுல இருந்து பங்கு ஃபாதரைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணித் தீர்த்தம் தெளிச்சு வீட்டை மந்திரிச்சுடலாம்னு எங்கம்மா ஏற்பாடு பண்ணிட்டாங்க.

அந்தக் கதவுல டிஜிட்டல் பூட்டு. போனைக் கிட்ட காட்டினா திறந்துக்கும். ஓனர் ரெண்டு கார்டும் ஒரு அவசரச் சாவியும் கொடுத்திருந்தார். பத்திரமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் வீட்டுக்குள்ள அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். சாஃப்ட்வேர் ஆளுக்குச் சாவி எதுக்குங்க?

கதவு முன்னாடி வந்து நின்னோம். ஷீலா கையில மெழுகுவத்தி. அம்மா கையில பால் சொம்பு. ஃபாதர் கையில தீர்த்தம். நான் ஸ்டைலா போனை எடுத்தேன்.

"என்னப்பா, போன்லயா திறப்பே?"ன்னு ஃபாதர் கேட்டார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் எடுத்தது ஒரு கிளாஸ்!

"இதுக்குப் பேரு என்.எஃப்.சி., ஃபாதர். ரேடியோ அலையை வச்சுப் பொருளை அடையாளம் கண்டுபிடிக்கிற பழைய டெக்னாலஜியில இருந்து வந்தது. அப்புறம் பஸ்லயும் ரயில்லயும் தொட்டுட்டுப் போற கார்டு வந்துச்சு. அந்தக் கார்டு வேலையை போனே செஞ்சா என்னன்னு சில கம்பெனிங்க இருபது வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சாங்க. முதல்ல அந்தச் சிப்பு போனுக்குள்ளகூட இல்ல. போன் முதுகுல தனியா மாட்டுற ஷெல்லுலதான்..."

"ஜெரி, கதவு!"ன்னு ஷீலா பல்லைக் கடிச்சா. மெழுகு அவ கையில சொட்டிட்டு இருந்துச்சு.

"தம்பி ஷெல்லுல இருந்து கதவு வரைக்கும் வர்றதுக்குள்ள என் ரிட்டர்ன் ட்ரெயின் வந்துடும்"னார் அவங்கப்பா.

போனைப் பூட்டு மேல வச்சேன்.

ஒண்ணும் நடக்கல.

திருப்பி வச்சேன். குறுக்கே வச்சேன். தலைகீழா வச்சேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். பூட்டு அசையவே இல்ல. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி கதவைத் திறந்து "ஏனாயித்து?"ன்னு கன்னடத்துல என்னாச்சுன்னு விசாரிச்சாங்க. அவங்க கதவு சாதாரணக் கதவு. என்ன அழகா திறந்துச்சு தெரியுமா!

"ஒரு வாரமா நல்லாத்தான் திறந்துச்சு, மாமா"ன்னேன். குரல் எனக்கே பாவமா இருந்துச்சு.

"நாங்க தங்கச் சுரங்கத்துல பூமிக்குள்ள எவ்வளவோ ஆழம் போய் வேலை செஞ்சவங்க தம்பி. நீ மூணாவது மாடியில உங்க வீட்டுக்குள்ள போக முடியாம நிக்கிற"ன்னார்.

போச்சு. தேதி போச்சு. எனக்கு நிஜமாவே அழுகை வந்துடும் போல இருந்துச்சு.

ஃபாதர் வாட்சைப் பார்த்தார். அடுத்து அவருக்கு ஒரு ஞானஸ்நானம். "நீ போனை இப்படி நீட்டு"ன்னார். நீட்டினேன். மந்திரிச்சுட்டார்! தீர்த்தம் பூராவும் போன் மேல!

"ஐயோ ஃபாதர்!"னு கத்திட்டு, துடைக்கிறதுக்காகக் கவரைக் கழட்டினேன்.

உள்ளேருந்து ஒரு பித்தளைத் தகடு டங்குனு கீழ விழுந்துச்சு. அதுல மாதா படம்.

"டேய், மாதாவைக் கீழ போடாதடா!"ன்னு அம்மா பதறி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுல வாங்கினது. இன்னிக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும்னு காலையில நான்தான் உள்ள வச்சேன்."

போனுக்கும் பூட்டுக்கும் நடுவுல உலோகத் தகடு இருந்தா சிக்னல் எப்படிங்க தாண்டும்? வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். மூடிக்கிட்டேன்.

"போன் பழசாயிடுச்சும்மா. அதான்"னேன்.

வெறும் போனை வச்சேன். டிங்! கதவு திறந்துச்சு.

"பார்த்தியா! மாதா முகத்தைக் காட்டினதும் திறந்துடுச்சு!"ன்னு அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கிட்டு உள்ள போனார்.

மந்திரிச்சு, பால் காய்ச்சி, ஃபாதர் கிளம்பின பிறகு ஷீலாவோட அப்பா என்னைத் தனியா பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தகடுதானே காரணம்?"

"ஆமா மாமா."

"அத்தனை பேர் முன்னாடியும் அம்மாவை விட்டுக்கொடுக்கல நீ. ஜனவரியில வச்சுக்கலாம், மாப்ளே."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கணும் போல இருந்துச்சு. கட்டிப்பிடிச்சும் பிடிச்சேன். அவரும் முதுகுல தட்டிக்கொடுத்துட்டு, "பூட்டை மட்டும் மாத்திடு"ன்னார்.

இன்னிக்கு சிவாஜிநகர் போய்ப் பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். மூணு சாவி. ஒண்ணு ஷீலாகிட்ட, ஒண்ணு அம்மாகிட்ட, ஒண்ணு மாமாகிட்ட.

நான் காலிங் பெல் அடிச்சுக்கணுமாம்.